டவுன்டவுன்ல ஒரு பழைய கடை பில்டிங்கை ரெஸ்டோர் பண்றதுன்னா உண்மையில என்ன பண்றாங்க?

அமெரிக்காவுல ஏதாவது ஒரு சின்ன ஊரோட மெயின் ஸ்ட்ரீட்ல நடந்து போனீங்கன்னா இது கண்டிப்பா கண்ணுல படும். ரெண்டு மாடி மூணு மாடி செங்கல் பில்டிங்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரிசையா நிக்கும், நடுவுல ஒண்ணு மட்டும் ஜன்னலே இல்லாம அலுமினிய தகடு போத்திக்கிட்டு மொட்டையா இருக்கும். இது ஏதோ பிற்காலத்துல கட்டினது போலன்னு நினைச்சுக்கிட்டு நாம தாண்டி போயிடுவோம். ஆனா பல இடத்துல அந்த தகட்டுக்கு பின்னாடி 1880, 1890கள்ல கட்டின முகப்பு இன்னும் உயிரோட இருக்கும், ஜன்னல், வளைவு, உச்சியில வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற அலங்கார விளிம்பு, அதாவது கார்னிஸ்னு எல்லாத்தோடயும். அதை வெளிய கொண்டு வர்ற வேலையைத்தான் பொதுவா ரெஸ்டோரேஷன்னு சொல்றாங்க. இதுல எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, அதனால புதுசா கேக்குறவங்களுக்கு புரியுற மாதிரி எழுதி பாக்குறேன்.

முதல்ல அந்த வார்த்தையையே கொஞ்சம் பிரிச்சுக்கணும். அங்க இன்டீரியர் டிபார்ட்மென்ட்னு ஒண்ணு இருக்கு, பேரை பாத்து போலீஸை பாத்துக்கிற நம்ம உள்துறைன்னு நினைச்சுக்காதீங்க, அது நேஷனல் பார்க், பொது நிலம் இதையெல்லாம் பாத்துக்கிற டிபார்ட்மென்ட். அவங்க பழைய கட்டிட வேலையை நாலு வகையா பிரிச்சு வச்சிருக்காங்க. இருக்கிறதை இருக்கிற மாதிரியே காப்பாத்துறது ப்ரிசர்வேஷன். ஒரு குறிப்பிட்ட காலத்துல எப்படி இருந்துச்சோ அந்த தோற்றத்துக்கு திருப்பி கொண்டு போறது ரெஸ்டோரேஷன், அதுக்கு அப்புறம் வந்ததையெல்லாம் எடுத்துடுவாங்க. இல்லாமலே போன ஒண்ணை ஆதாரத்தை வச்சு மறுபடி கட்டுறது ரீகன்ஸ்ட்ரக்‌ஷன். பழைய முக்கியமான அம்சங்களை வச்சுக்கிட்டு இன்னைக்கு புழங்குற மாதிரி மாத்துறது ரீஹாபிலிட்டேஷன். கடை பில்டிங்ல நடக்கிறது பெரும்பாலும் இந்த கடைசி வகைதான், ஏன்னா கீழ ஒருத்தர் வியாபாரம் பண்ணணும், மேல யாராச்சும் குடி இருக்கணும், ஏசி வேணும், வயரிங் வேணும், அதை மியூசியம் ஆக்க முடியாது. பேச்சு வழக்குல எல்லாத்தையும் ரெஸ்டோர் பண்றோம்னுதான் சொல்வாங்க, நானும் இங்க அப்படியே சொல்லிட்டு போறேன்.

சரி, பில்டிங்கை படிக்க கத்துக்கலாம். கீழ இருந்து மேல போங்க. கடை கண்ணாடிக்கு அடியில முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன தடுப்பு இருக்கும், பல்க்ஹெட்னு பேரு, காலு படுற இடத்துல கண்ணாடி உடையாம காப்பாத்தவும் சரக்கை பார்வை மட்டத்துக்கு தூக்கி காட்டவும். அதுக்கு மேல பெரிய ஷோகேஸ் கண்ணாடி. வாசல் மட்டும் நாலஞ்சு அடி உள்ள தள்ளி இருக்கும், இது சும்மா அழகுக்கு இல்ல, கதவு வெளிய திறந்தாலும் நடைபாதையில போறவன் மூஞ்சியில இடிக்காது, மழைக்கு ஒதுங்க இடம் கிடைக்கும், ரெண்டு பக்கமும் கண்ணாடி உள்ள வளைஞ்சு போறதால சரக்கு வைக்க கூடுதல் இடம் வேற. ஒரே டிசைன்ல மூணு வேலை முடிச்சிருக்கான் பாருங்க. இந்த உள்வாங்கின வாசலைத்தான் பின்னாடி வந்த ஓனருங்க இடம் வீணாகுதுன்னு முன்னாடி இழுத்து அடைச்சுட்டாங்க.

ஷோகேஸ் கண்ணாடிக்கு மேல ஒரு பட்டை மாதிரி சின்ன சின்ன கண்ணாடி வரும், அதுதான் ட்ரான்சம். எனக்கு இந்த பில்டிங்குங்கள்ல ரொம்ப பிடிச்ச பாகம் இது. கடைங்க எல்லாம் அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் அடுத்த பில்டிங் ஒட்டிக்கிட்டு இருக்கிறதால பக்கவாட்டுல ஜன்னலே வைக்க முடியாது. கரண்ட் சரியா இல்லாத காலம். அப்போ கடையோட பின் பாதிக்கு வெளிச்சம் எங்க இருந்து வரும்? உயரமான சீலிங், அதுக்கு ஏத்த உயரத்துல ட்ரான்சம், அது வழியா வர்ற வெளிச்சம் உள்ள தூரமா போயி விழும். 1890கள்ல இதுக்கு இன்னொரு படி மேல போயி ப்ரிஸம் கண்ணாடி வந்துச்சு, நாலு இஞ்ச் சதுர கண்ணாடி ஓடு, உள்பக்கம் வரி வரியா மேடு இருக்கும், வானத்துல இருந்து சரிவா வர்ற வெளிச்சத்தை வளைச்சு கடை உள்ளுக்கு அனுப்பும். சிகாகோவுல லக்ஸ்ஃபர்னு ஒரு கம்பெனி இதுல பெரிய ஆளு, அவங்க கண்ணாடிக்கு ஃப்ராங்க் லாயிட் ரைட் 1897ல டிசைன் போட்டு பேட்டன்ட் வாங்கியிருக்காரு. அவ்ளோ மெனக்கெட்டு செஞ்சதை பின்னாடி ஏசி வந்ததும் ஃபால்ஸ் சீலிங் போட்டு, வெளிய ப்ளைவுட் அடிச்சு மறைச்சுட்டாங்க. மறைச்சதுல ஒரு நல்லதும் நடந்துச்சு, நிறைய இடத்துல அது உடையாம அப்படியே இருக்கு.

மேல் மாடியில செவ்வகமா உயரமான ஜன்னல் வரிசை, உச்சியில கார்னிஸ். கார்னிஸ் கல்லுல செதுக்கின மாதிரி தெரியும், பாதிக்கு மேல தகடுதான். மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ்ல மெஸ்கர் பிரதர்ஸ், இந்தியானாவுல எவன்ஸ்வில் ஊர்ல ஜார்ஜ் மெஸ்கர்னு ரெண்டு கம்பெனி, அண்ணன் தம்பி குடும்பம்தான், கேட்டலாக் அனுப்பி, ஆர்டர் எடுத்து, முழு முகப்பையே தகடும் இரும்புமா ரயில்ல ஏத்தி விட்டிருக்காங்க. ஒரு காந்தத்தை கையில வச்சுக்கிட்டு போங்க, எட்டுற உயரத்துல இருக்க தூணு, அலங்காரம் எல்லாத்துலயும் வச்சு பாருங்க. ஒட்டுச்சுன்னா இரும்போ ஸ்டீல் தகடோ, ஒட்டலன்னா மரமோ கல்லோ சுட்ட மண்ணோ, சில சமயம் துத்தநாகம். தட்டி பாத்தா டொய்ங்னு சத்தம் வந்தா உள்ள வெத்து. இதை ஏன் சொல்றேன்னா, எது என்ன பொருள்னு தெரியாம ஒருத்தன் கிட்ட கொட்டேஷன் வாங்கினா அவன் சொல்றதுதான் விலை.

இப்போ அந்த அலுமினிய தகடு எப்படி வந்துச்சு? ரெண்டு அலை. முதல் அலை 1930கள், பொருளாதார மந்தம், கடைங்க படுத்துருச்சு, 1934 ஹவுஸிங் சட்டத்துல பழைய முகப்பை நவீனமாக்க வாங்குற கடனுக்கு அரசாங்கம் கேரண்டி கொடுத்துச்சு. அப்போ வந்ததுதான் பளபளன்னு கறுப்பு, பச்சை, க்ரீம் கலர் கண்ணாடி பலகை, கராரா, விட்ரோலைட்னு பேரு. ரெண்டாவது அலை 1950, 60கள், ஊருக்கு வெளிய ஷாப்பிங் சென்டர் வந்து ஜனமெல்லாம் கார் எடுத்துக்கிட்டு அங்க போக ஆரம்பிச்சதும், நம்மளும் மாடர்னா தெரியணும்னு பழைய முகப்பு மேலயே ஒரு இரும்பு சட்டம் போட்டு தகட்டை மாட்டிட்டாங்க. சட்டம் நேரா உக்காரணும்னு சில இடத்துல வெளிய நீட்டிக்கிட்டு இருந்த கல் அலங்காரத்தை உளி வச்சு உடைச்சும் விட்டுட்டாங்க, அது தகட்டை கழட்டினாத்தான் தெரியும். அதனால அனுபவசாலிங்க முதல்ல மேல ஒரே ஒரு ஷீட்டை மட்டும் கழட்டி டார்ச் அடிச்சு பாப்பாங்க, அப்புறம்தான் மத்த முடிவு.

இங்க புதுசா வர்றவங்க ஒரு தப்பு பண்ணுவாங்க. பழசுதான் நல்லது, நடுவுல வந்தது எல்லாம் குப்பைன்னு நினைச்சு 1930கள்ல போட்ட கராரா கண்ணாடியையும் சேத்து பேத்து எறிஞ்சிடுவாங்க. அதுவும் இப்போ சரித்திரம்தாங்க. முன்னாடி சொன்ன இன்டீரியர் டிபார்ட்மென்ட் ரீஹாபிலிட்டேஷனுக்கு மொத்தம் பத்து விதி வச்சிருக்கு, அதுல நாலாவது இதைத்தான் சொல்லுது, காலப்போக்குல வந்த மாற்றத்துக்கே ஒரு வரலாற்று மதிப்பு சேந்திருந்தா அதையும் காப்பாத்தணும்னு. அந்த கண்ணாடி பலகையை அமெரிக்காவுல இப்போ யாரும் தயாரிக்கறதில்ல, ஒண்ணு உடைஞ்சா இன்னொரு பழைய பில்டிங்ல இருந்து எடுக்கணும், இல்லன்னா அதே முகப்புல கண்ணுக்கு படாத மூலையில இருந்து எடுத்து முன்னாடி ஒட்டணும். எது எந்த லேயர், எதை வைக்கிறது எதை எடுக்கிறதுங்கிற இந்த முடிவுதான் முழு வேலையிலயும் கஷ்டமானதுன்னு நான் சொல்வேன், சுத்தியல் வேலை எல்லாம் அப்புறம்தான்.

முடிவெடுக்க ஆதாரம் வேணும். பழைய போட்டோ, போஸ்ட்கார்டு, லோக்கல் பேப்பர். இதெல்லாம் போக சான்பார்ன் மேப்புனு ஒரு பொக்கிஷம் இருக்கு, 1867ல ஆரம்பிச்ச கம்பெனி, தீ விபத்து இன்சூரன்ஸுக்காக ஊர் ஊரா போயி ஒவ்வொரு கட்டிடத்தையும் வரைஞ்சு வச்சிருக்காங்க, 50 அடிக்கு ஒரு இஞ்ச் கணக்குல. பிங்க் கலர் போட்டிருந்தா செங்கல், மஞ்சள்னா மரம், நீலம்னா கல். எத்தனை மாடி, என்ன கடைங்கிறது கூட எழுதியிருக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட இணையதளத்துல ஏகப்பட்டது இலவசமா பாக்கலாம், ஒரே இடத்தை வேற வேற வருஷ மேப்புல பாத்தா பின்பக்கம் எப்போ நீட்டினாங்கன்னு கூட பிடிச்சிடலாம். ஆதாரம் கிடைக்கலன்னா கற்பனை பண்ணி செய்யக்கூடாது. பித்தளை விளக்கு, போலி ஜன்னல் கதவு எல்லாம் மாட்டி பழசு மாதிரி காட்டுறது இந்த விதிங்க படி தப்பு, இல்லாத சரித்திரத்தை உண்டாக்குறதுன்னு அர்த்தம். அப்படிப்பட்ட சமயத்துல எளிமையா, அளவு பொருந்துற மாதிரி, புதுசுன்னு பாத்தாலே தெரியுற மாதிரி ஒண்ணு வைக்கலாம்.

இனி தண்ணி. பழைய பில்டிங்ல நடக்கிற கெடுதல் பெரும்பாலும் தண்ணியிலதான் ஆரம்பிக்கும், அதனால முகப்பு எவ்ளோ அசிங்கமா இருந்தாலும் முதல் காசு கூரைக்கும் அதை சுத்தி இருக்க கைப்பிடிச் சுவத்தோட மேல் மூடிக்கும் தண்ணி இறங்குற குழாய்க்கும்தான் போகணும். கூரை ஒழுகிக்கிட்டே இருக்க கீழ கடை முகப்புக்கு பெயின்ட் அடிச்சா அந்த பெயின்ட் ஒரு குளிர்காலம் தாங்காது.

ஆனா நான் நிறைய எழுதணும்னு நினைச்சது செங்கல் நடுவுல இருக்க கலவையை பத்தி. என் ஃப்ரெண்டு ஒருத்தன் மூணு மாடி பில்டிங் ஒண்ணு வாங்கினான், பின்பக்க சந்துக்கு கூட்டிட்டு போயி காட்டினான். சுவத்துல செங்கல் எல்லாம் முகம் உதிர்ந்து ஒரு இஞ்ச் உள்ள போயிடுச்சு, நடுவுல இருக்க சாம்பல் கலர் சிமென்ட் மட்டும் கட்டம் கட்டமா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, தேனெல்லாம் வழிச்செடுத்த தேன்கூடு மாதிரி. கீழ தரையில செவப்பா தூளு குவிஞ்சு கிடக்கு. சிமென்ட் ஸ்ட்ராங்கா இருக்கே, செங்கல்தான் மோசம் போலன்னான். நான் சொன்னேன், டேய் அந்த சிமென்ட் ஸ்ட்ராங்கா இருக்கிறதாலதான்டா செங்கல் செத்துச்சு.

விஷயம் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு செங்கல் மெதுவானது, அதாவது கடினம் கம்மி, சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையில கட்டினாங்க. சுவருக்குள்ள எப்படியும் ஈரம் போகும், போன ஈரம் காரை வழியா ஆவியா வெளிய வந்துடும், ஏன்னா காரை செங்கல்லை விட மெதுவு, துவாரம் ஜாஸ்தி. வெயில்ல செங்கல் விரிஞ்சாலும் காரை கொஞ்சம் அமுங்கி இடம் கொடுக்கும். தேய்மானம் எல்லாம் காரையோட தலையில விழும், அது உதிரும், ஒரு தலைமுறை ரெண்டு தலைமுறை கழிச்சு அதை மட்டும் புதுசா வச்சு அடைச்சா போதும். இதை தெரியாம போர்ட்லாண்ட் சிமென்ட்டை கனமா வச்சு அடைச்சா ஈரம் வெளிய வர்ற வழி மூடிக்கும். அப்போ ஈரம் செங்கல் முகம் வழியாத்தான் வரணும், வரும்போது உப்பையும் இழுத்துக்கிட்டு வரும், உப்பு தோலுக்கு அடியில படிகமாகி முட்டும், குளிர்காலத்துல அந்த ஈரம் உறைஞ்சு பனியாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருசாகும், முகம் பொரிஞ்சு பட்டுனு விழுந்துடும். செங்கல்லோட வெளித்தோல்தான் சூளையில நல்லா வெந்த பாகம், அது போச்சுன்னா உள்ள இருக்கிறது பிஸ்கட் மாதிரி. காரையை சுலபமா மாத்தலாம், செங்கல்லை மாத்துறது லேசு இல்ல, அதனால எப்பவும் காரைதான் மெதுவா இருக்கணும்.

உங்க பில்டிங்ல என்ன இருக்குன்னு முதல் கட்டமா ஒரு சாவியை வச்சு சுரண்டி பாருங்க. வெள்ளையா மாவு மாதிரி உதிர்ந்தா சுண்ணாம்பா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, சாம்பல் கலர்ல சாவி வழுக்கிட்டு போனா சிமென்ட். உறுதியா தெரியணும்னா ஒரு துண்டை லேபுக்கு அனுப்பி மணலோட கலர், அளவு எல்லாம் பாக்க சொல்லலாம். மறுபடி அடைக்கிற வேலைக்கு ரீபாயிண்டிங்னு பேரு, பழைய காரையை இணைப்போட அகலத்துல ரெண்டு மடங்கு, ரெண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்கணும், செங்கல்லுக்கு அது அரை இஞ்ச்ல இருந்து ஒரு இஞ்ச் வரும். கையில உளி வச்சு எடுக்கிறது பாதுகாப்பு, க்ரைண்டரை கையில கொடுத்தா செங்குத்து இணைப்புல மேலயும் கீழயும் செங்கல்லை வெட்டி விட்டுடுவாங்க, ஒரு நிமிஷ வேலைக்கு நூறு வருஷ தழும்பு. அடைக்கும்போது கால் இஞ்ச் கால் இஞ்சா வைக்கணும், ஒரு லேயர் கட்டை விரலால அமுக்கினா ரேகை பதியுற அளவு இறுகினதும் அடுத்தது. சுண்ணாம்பு காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடை எடுத்துத்தான் இறுகும், மெதுவாத்தான் நடக்கும், வெயில் படாம ஈரமா பாத்துக்கணும். அவசரப்படுற கொத்தனாருக்கு இந்த வேலை ஒத்து வராது.

இதே காரணத்துக்காகத்தான் சாண்ட் பிளாஸ்டிங் கூடவே கூடாது. மணலை வேகமா அடிச்சா அழுக்கும் பெயின்டும் போகும், கூடவே வெந்த தோலும் போயிடும், அன்னைக்கு பாக்க புதுசா ஜொலிக்கும், அப்புறம் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணி குடிக்கும். அப்படி குடிக்குதேன்னு மேல வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சா உள்ள இருக்க ஈரம் மாட்டிக்கும், ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு. சில செங்கல்லுக்கு ஆரம்பத்துல இருந்தே பெயின்ட் அடிச்சிருப்பாங்க, அது ரொம்ப மெதுவுங்கிறதால, அதை உரிக்கிறதே பாவம். பக்கத்து பில்டிங்கை இடிச்சு பக்கச் சுவர் வெளிய தெரியுற இடத்துல இன்னும் உஷாரா இருக்கணும், அங்க சரியா வேகாத இளம் செவப்பு செங்கல்லை போட்டிருக்க வாய்ப்பு உண்டு, வெயில் மழை பாக்கும்னு கட்டினவன் நினைக்கவே இல்ல. சுத்தம் பண்ணணும்னா கண்ணுக்கு படாத இடத்துல சின்னதா ஒரு டெஸ்ட், முதல்ல வெறும் தண்ணி, குறைஞ்ச ப்ரஷர், மென்மையான பிரஷ். அது போதலன்னாத்தான் அடுத்தது.

மர ஜன்னலுக்கும் இதே மனசுதான். அந்த காலத்து மரம் மெதுவா வளர்ந்த காட்டு மரம், இன்னைக்கு கடையில அது கிடைக்கறதில்ல. கீழ் சட்டம் மட்டும் இத்துப்போயிருந்தா அதை மட்டும் வெட்டி புது மரம் சேக்கலாம், ஜன்னலை மேல தூக்குற கயிறு அறுந்தா கயிறு, கண்ணாடியை பிடிச்சிருக்க புட்டி உதிர்ந்தா புட்டி. வினைல்ங்கிற பிளாஸ்டிக் ஜன்னல்ல இப்படி பாகம் பாகமா சரி பண்றது கஷ்டம், கெட்டா பெரும்பாலும் மொத்தமா தூக்கித்தான் எறியணும். குளிர் தாங்கலன்னா வெளிய ஒரு ஸ்டார்ம் விண்டோ, அதாவது இன்னொரு கண்ணாடி ஜன்னல் சேத்துக்கலாம். பழைய கண்ணாடியில அலை அலையா தெரியுதே, கண்ணாடி காலப்போக்குல உருகி வழியுதுன்னு ஒரு கதை சொல்வாங்க, அதெல்லாம் இல்ல, செஞ்ச முறையே அப்படி.

உள்ள போனா ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல அச்சு போட்ட தகர சீலிங் இருக்கும், டின்னுன்னு சொன்னாலும் அது மெல்லிசான ஸ்டீல். பெயின்ட் சுரண்ட ஆரம்பிக்கும் முன்ன ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிடுங்க, வீடுகளுக்கான ஈய பெயின்ட்டை அங்க தடை பண்ணினதே 1978லதான். பழைய ஓட்டு தரையிலயும் குழாய் உறையிலயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மேல் மாடிங்க வருஷக்கணக்கா காலியா கிடக்கிறதுக்கு முக்கிய காரணம் அவசரத்துக்கு வெளியேற ரெண்டாவது படிக்கட்டு வேணுங்கிறது, தீயணைப்பு விதி, லிஃப்ட் செலவு. இதெல்லாம் ஆர்க்கிடெக்ட்டும் ஊர் அதிகாரியும் உக்காந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம், அதிகம் எழுதி குழப்பல.

சட்டமும் காசும். 1963ல நியூயார்க்ல பென் ஸ்டேஷன்ங்கிற பிரமாண்டமான பழைய ரயில் நிலையத்தை இடிக்க ஆரம்பிச்சாங்க, ஜனம் கொதிச்சுது, 1965ல அந்த ஊருக்கு தனி பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, 1966ல நாடு முழுக்க ஒரு சட்டம் வந்து நேஷனல் ரெஜிஸ்டர்னு ஒரு பட்டியல் உண்டாச்சு. அந்த பட்டியல்ல பேர் வந்துட்டா யாரும் இடிக்க முடியாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, தப்பு. தனியார் ஓனர் சொந்த காசுல எது வேணா பண்ணலாம், தடுக்கிற அதிகாரம் ஊரோட உள்ளூர் சட்டத்துக்குத்தான் உண்டு. பட்டியலால கிடைக்கிற பெரிய லாபம் வரிச் சலுகை. வாடகையோ வியாபாரமோ வருமானம் தர்ற பில்டிங்கா இருந்தா தகுதியான செலவுல 20 சதவீதத்தை ஃபெடரல் வருமான வரியில கழிச்சுக்கலாம், 2017 சட்டத்துக்கு அப்புறம் அதை அஞ்சு வருஷமா பிரிச்சு எடுக்கணும். 5 லட்சம் டாலர் செலவுன்னா 1 லட்சம், வருஷம் 20 ஆயிரம். ஒரு கண்டிஷன், பில்டிங்கோட வரிக் கணக்கு மதிப்பை விட ஜாஸ்தி செலவு பண்ணணும், அதுவும் 24 மாசத்துக்குள்ள. 2 லட்சத்துக்கு வாங்கி அதுல நிலம் 50 ஆயிரம்னா, பில்டிங் மதிப்பு ஒண்ணரை லட்சம், அதை தாண்டணும். விண்ணப்பம் மூணு பாகம்: பில்டிங்குக்கு என்ன முக்கியத்துவம், என்ன வேலை பண்ண போறோம், முடிச்சதுக்கு அப்புறம் எப்படி இருக்கு. பழைய கட்டிட பாதுகாப்பை பாத்துக்கிற மாநில அலுவலகத்தை எல்லாரும் ஷிப்போன்னுதான் (SHPO) கூப்பிடுவாங்க, அவங்க வழியா நேஷனல் பார்க் சர்வீஸுக்கு போகும். ரெண்டாவது பாகத்துக்கு ஓகே வாங்காம ஜன்னலை கழட்டி எறிஞ்சுட்டு வந்து நின்னா சலுகை கைவிட்டு போகலாம், அதனால ஒரு ஆணி கழட்டும் முன்ன போன் போட்டுடுங்க. முடிச்சு அஞ்சு வருஷத்துக்குள்ள வித்தாலும் ஒரு பங்கை திருப்பி கேப்பாங்க.

என் ஃப்ரெண்டு அந்த பின்பக்க சுவத்தை ரெண்டு கோடைகாலம் எடுத்துக்கிட்டு முடிச்சான், முகம் போன செங்கல்லுல சிலதை மெதுவா எடுத்து திருப்பி வச்சு, மிச்சத்துக்கு அதே அளவு பழைய செங்கல் தேடிப் பிடிச்சு. மணல் கலர் பொருந்த எட்டு சாம்பிள் ஆச்சு. இப்போ அவன் பேஸ்மென்ட்ல அந்த மணல் ஒரு மூடி போட்ட வாளியில இருக்கு, மூடி மேல மார்க்கர்ல "சுண்ணாம்பு 1, மணல் 3, சந்துப் பக்கச் சுவர்"னு எழுதி வச்சிருக்கான், அடுத்து யார் வாங்கினாலும் அந்த வாளியை அங்கேயே விட்டுட்டு போறதா பிளான்.